சாந்தா ருஃபீனாவுக்கு நான் கொண்டுபோன இரவு

ஊர்விட்டு ஊர் போகிறவர்கள் வழியில் எதையாவது தொலைப்பார்கள். நான் ஒன்றையும் தொலைக்கவில்லை, வேண்டாத ஒன்றைக் கூடவே கொண்டுபோய்விட்டேன், அதுவும் கொண்டுபோகிறோம் என்று தெரியாமலே. ஹோண்டுராஸ் நாட்டின் மேற்கு மலையில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே கிடக்கிற சாந்தா ருஃபீனா என்ற சிற்றூரில், மண்டை பிளக்கிற உச்சி வெயிலில் நான் பஸ்ஸிலிருந்து காலைக் கீழே வைத்தபோது, என்னைச் சுற்றி ஒரு மாட்டுவண்டி நிற்கிற அகலத்துக்கு இருட்டியிருந்தது. தலைக்கு மேலே நாலைந்து நட்சத்திரம், வேப்பமர உயரத்தில் தேய்பிறை நிலா, காதோரம் இரண்டு கொசு, எங்கோ ஒரு நாயின் குரைப்பு; அது பாளையங்கோட்டை நாய் என்று குரைப்பிலேயே தெரிந்தது. பஸ் கண்டக்டர் என் பெட்டியை வெயிலிலிருந்து இருட்டுக்குள் நீட்டி, "படி பாத்து எறங்கும், அண்ணாச்சி. டார்ச் வச்சிருக்கேரா?" என்று கேட்டார். அவ்வளவுதான். தலைநகரத்து விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்த்த அம்மாளும் இப்படித்தான், மேசை விளக்கைப் போட்டு, முத்திரை குத்தி, விளக்கை அணைத்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அவர்கள் பேசியது ஸ்பானிஷ். என் காதுக்குள் விழும்போது அது திருநெல்வேலித் தமிழாகத்தான் விழுந்தது, எனக்கு வேறு காது இல்லை, அதனால் அப்படியே எழுதுகிறேன். அந்த ஸ்பானிஷையும் நானாகவே படித்தேன், ஜங்ஷன் பிளாட்பாரத்தில் வாங்கிய பழைய புத்தகத்தில். வணக்கம் சொல்லும் பாடமும் நலம் விசாரிக்கும் பாடமும் கிழிந்துபோயிருந்தன, ஆகவே எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வருகிற கண்டிப்பான மனிதன் என்று அந்த நாடு முழுக்கப் பெயர் வாங்கினேன். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே கௌரவம் கிழிந்த பக்கத்தால் கிடைத்தது.

என் தொழிலைச் சொன்னால் அந்த இருட்டு எங்கிருந்து வந்தது என்று நீங்களே ஒன்று யூகித்துக்கொள்வீர்கள். எனக்கு அதற்குமேல் தெரியாது. பாளையங்கோட்டையில் ஒரு பாத்திரக்கடையின் மேல்மாடியில் உட்கார்ந்துகொண்டு, ராத்திரி முழுக்க, உலகத்தின் அந்தப் பக்கத்தில் யாருடையவோ காப்பிக் கிடங்கைக் கேமரா வழியே காவல் காக்கிறவன் நான். நமக்கு விளக்கு வைக்கும் நேரம் அவர்களுக்கு விடியும், அவர்களுக்கு இருட்டும்போது நமக்குப் பால்காரன் வருவான். ஆகவே என் ராத்திரிகளையெல்லாம் கொடுத்து நான் பார்த்தது சாந்தா ருஃபீனாவின் பகல்களை, சத்தமில்லாமல், ஒரே தெருமுனையில், பல வருஷமாக. கிடங்கு வாசலில் மடியில் துப்பாக்கியோடு ஒரு காவல்காரர். எதிரே தார்ப்பாய்க்குக் கீழே சோள ரொட்டி சுடுகிற ஒரு பெண். பச்சை நாடா கட்டிய தொப்பியோடு கோவேறு கழுதையில் போகிற ஓர் ஆள். இவர்களை என் சித்தப்பா மக்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இவர்களுக்கு நான் ஒரு கம்பத்தின் உச்சியில் இருக்கிற சிவப்புப் புள்ளி.

அந்தக் காவல்காரர் தினமும் வேலை முடிந்து எழுந்திருக்கும்போது கேமராவை நிமிர்ந்து பார்த்துக் கையை ஆட்டுவார், ஒருநாள் தவறாமல், மனம் நிறைய, இரண்டு கையாலும்கூட. என்னைப் பார்த்து அப்படிக் கையாட்டுகிறவர்கள் ஆசியாக் கண்டத்தில் யாரும் இல்லை. ஒருமுறை நேரில் போய்ப் பதிலுக்குக் கையாட்டிவிட்டு வந்துவிடவேண்டும் என்று எனக்குள் ஏறிவிட்டது, ஏறினது இறங்கவில்லை.

"கை ஆட்டுதாம்னு ஒருத்தனப் பாக்க அம்புட்டுத் தூரமா?" என்று கேட்டாள் என் மனைவி பட்டுக்கனி. "இங்கன நான் கை ஆட்டுனா திரும்பிப் பாக்கமாட்டிய."

அவளுக்குப் பதில் சொல்லும் பாடமும் என் புத்தகத்தில் கிழிந்திருந்தது.

பஸ் நிலையத்தில் ஓர் ஆட்டோ நின்றது; நம்ம ஊர் ஆட்டோவேதான், நம்ம நாட்டிலிருந்து கப்பலேறிப் போனது. கடல் தாண்டி, மலை தாண்டி வந்து, கடைசியில் ஆட்டோவில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, அந்த முனைக்குப் போய் இறங்கினேன். எல்லாம் இருந்தது, சத்தத்தோடு இருந்தது. காவல்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார். என் இருட்டு அவர் கால்வரை படிந்ததும் கண்ணைத் திறந்து, "சாயங்காலம் ஆயிட்டா?" என்று எழப் பார்த்தார்.

"இல்லை," என்றேன். "நான்தான் அந்தக் கேமராவுக்குள் இருக்கிற ஆள். நீங்கள் தினமும் எனக்குக் கையாட்டுகிறீர்கள். பதில் ஆட்ட வந்திருக்கிறேன்." இப்படிச் சொல்லிவிட்டு, வெயிலில் அத்தனை பேர் பார்க்க, இருட்டில் நின்று கையை ஆட்டினேன்.

அவர் என்னைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "அங்கன பாரும், ஓய்," என்று கேமராவுக்கு அடியில் தொங்கிய ஒரு பெரிய குளவிக்கூட்டைக் காட்டினார். "நான் எந்திக்கும்போதெல்லாம் மூஞ்சிக்கு வருது. அத வெரட்டுதேன்."

எதிர்க்கடையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த பெண் மாவுக் கையோடு சிரித்த சிரிப்பு தெருக்கோடி மாதாகோயிலில் எதிரொலித்தது. "ஏ நிக்கானோர்! ஒன் வாழ்க்கையில ஒன்னய நம்பி ஒருத்தன் கெளம்பி வந்திருக்கான். சோறு போடாம அனுப்புனா பாவம் பிடிக்கும்." அவள் நிக்கானோரின் மனைவி ஒப்துலியா. அன்றிலிருந்து அவளை நான் மதினி என்றுதான் மனதுக்குள் கூப்பிட்டேன். அவர்கள் வீட்டுப் பின்கட்டில் எனக்கு ஒரு கட்டில் போட்டார்கள். கட்டிலைச் சுற்றிப் பகலெல்லாம் இரவாக இருந்தது, இரவிலும் இரவாகவே இருந்தது.

ஊர் என் இருட்டை எடுத்துக்கொண்ட விதம்தான் எனக்கு இன்றைக்கும் வியப்பு, அவர்களுக்கு வியப்பே இல்லை என்பதுதான் என் வியப்பு. முதலில் கோழிகள் ஒப்புக்கொண்டன. நான் ஒரு சந்து வழியாக நடந்தால் இரண்டு பக்கத்துக் கோழியும் கூட்டுக்குள் போய் அடைந்துகொள்ளும், நான் கடந்ததும் சேவல் விடிந்துவிட்டதென்று கூவும், ஒரே காலையில் ஐந்தாறு தடவை விடியவைத்த பாவி நான். பிறகு தூங்காத பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கிற தாய்மார்கள் வந்து, "கொஞ்சம் எங்க வீட்டுப் பக்கமா உக்காரும், அண்ணாச்சி" என்று நாற்காலி போட்டார்கள். தலைவலிக்காரர்கள் வந்தார்கள். சந்தைக்கடையில் மெழுகுவர்த்தி விற்கிறவர் எனக்குத் தினமும் காப்பி வாங்கிக் கொடுத்தார். இராத்திரியில் பூக்கிற செடி வளர்த்தவர்கள் செடிக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திப் பகலிலேயே வாசனை பிடித்தார்கள். காதலர்கள் கை கோத்துக்கொண்டு உள்ளே வந்து முத்தமிட்டுக்கொண்டார்கள், நடுவில் நான் உட்கார்ந்திருப்பதைப் பற்றி அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை, பெஞ்சைப்போல என்னைப் பாவித்தார்கள். காப்பிக் களத்துக்காரர் மட்டும் என்னைக் கண்டால் துண்டை வீசி, "அங்கிட்டுப் போவும்! கொட்டை மேல பனி எறங்குது!" என்று கத்துவார். என்னோடு வந்த கொசுக்கள் கடிக்கத் தொடங்கியபோது, "அதுகளும் தூரதேசத்துலருந்து வந்திருக்கு, பசிக்கும்லா" என்று கையை நீட்டிவிட்டார்கள். ஊர்ச் சாமியார் யோசித்துப் பார்த்து, இருட்டைப் பற்றி மறையில் கண்டித்து ஒன்றும் இல்லை, ஆனால் பூசை நேரத்தில் இவர் வாசலுக்கு வெளியே நிற்பது நல்லது, படிக்கிற எழுத்து தெரியவில்லை என்றார்.

காரணமும் அவர்களே கண்டுபிடித்தார்கள். "நம்ம பகலப் பூரா இந்த ஆளு பாத்துத் தீத்துட்டாரு. அவரு ராத்திரி எங்கன போகும்? செலவாவாமக் கெடந்து கூடவே வந்திருக்கு" என்று நாவிதர் சொன்னது ஊர்த் தீர்ப்பாக நின்றது. ஒன்றே ஒன்றுதான் அவர்களுக்குக் குறை: என் இரவு நகரவில்லை. நிலா வேப்பமர உயரத்திலேயே நின்றது. ராத்திரி வேலை பார்த்தவர்களுக்கு அந்த நேரம் தெரியும், இரண்டரை மணி; டீயும் கேட்காது, பாட்டும் கேட்காது, கடிகாரத்தைப் பார்த்தால் முள் நம்மைத் திரும்பிப் பார்க்கும். நான் அந்த இரண்டரை மணியைத்தான் தூக்கிக்கொண்டு அலைந்தேன். "எப்ப விடியும்?" என்று கேட்டவர்களிடம், "எனக்கு விடிந்து நானே பார்த்ததில்லை" என்றேன். கண்டிப்பான மனிதர் என்று தலையாட்டினார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் ஒப்துலியா புருஷனைத் திட்டுவாள், திட்டி முடித்து ஒரு புகழ்ச்சியில் வந்து நிற்பாள். "சோம்பேறி, காவல் காக்கேன்னு கொறட்ட விடுதவன். ஆனா ஒண்ணு, அண்ணாச்சி. அடுப்புக்கு வெறகு மட்டும் இத்தன வருசத்துல ஒருநாள் கொறஞ்சதில்ல. நான் குனிஞ்சு நிமிருததுக்குள்ள பின்னால கெட்டு கெடக்கும். அதுக்காவத்தான் இவன விட்டுட்டு ஓடல." நிக்கானோர் அப்போது ரொட்டியை மிகவும் கவனமாகப் பார்ப்பார். பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். அந்த விறகை யார் வைத்தது என்று உலகத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான், நானும் ரொட்டியைப் பார்த்தேன். எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு: யாராவது எதையாவது எடுத்தால்தான் புகார் செய்யவேண்டும், வைத்தால் புகார் இல்லை.

"இந்த வாரந்தான் வெறகக் காணும்," என்பாள். "மழ, வெள்ளம்னு சாக்கு."

அந்த வெள்ளம்தான் அந்த வாரக் கடைசியில் ஒரு சவத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. மலைமேல் தனியாக இருந்த ஒப்துலியாவின் அண்ணன் சத்துர்னினோ, ஆறு பெருகிய நாளில் கடக்கப் போய் விழுந்திருக்கிறார். தனிக்கட்டை, தேட ஆளில்லை. நீர் வடிந்த பிறகு கீழூர்க்காரர்கள் மூங்கில் புதரில் கண்டெடுத்து, பெட்டியில் வைத்து, ஆணி அடித்து, காலையில் தூக்கிவந்தார்கள். சுகாதார நிலையத்து நர்ஸ் மூக்கில் துணியோடு வந்து, பொழுது சாய்வதற்குள் மண்ணுக்குள் போயாகவேண்டும், ஒரு ராத்திரிகூடத் தங்காது, என்றாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. செத்தவரை ஒரு ராத்திரியாவது நடுவீட்டில் வைத்து, ஊரே கூடிக் காப்பி குடித்து, சீட்டாடி, அவரைப் பற்றி வேடிக்கைகள் சொல்லிச் சிரித்து, விடியும்வரை தூங்காமல் துணை இருக்கவேண்டும். துணையில்லாமல் புதைக்கப்பட்டவருக்கு வழி தெரியாது, ஆற்றோரத்திலேயே நிற்பார் என்பார்கள். ஒப்துலியாவுக்கு அதற்கும் மேலே ஒன்று இருந்தது. அம்மா செத்த ராத்திரியில் அண்ணன் குடித்துவிட்டு, பெட்டிக்குப் பக்கத்திலேயே தூங்கிப்போனார். அவள் ஊர் கேட்க, "நீ சாவுத அன்னைக்கு ஒனக்காவ ஒருத்தரும் முழிச்சிருக்கமாட்டாவ" என்று சொல்லிவிட்டாள். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சில்லை. இப்போது பெட்டியின் மேல் குறுக்கே படுத்துக்கொண்டு, "ஒரு ராத்திரி தாங்க, ஒரு ராத்திரி தாங்க, எஞ்சொல்லு பலிக்கப்பிடாது" என்று அவள் கேட்டபோது, ஊர் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது.

நான் பெரிய மனிதனைப்போல எழுந்துபோய்ப் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தேன். இருட்டு பெட்டியை மூடியது, ஒப்துலியாவை மூடியது. மாட்டுவண்டி அகலம்தானே, மற்றவர்கள் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்தார்கள், இடம் கிடைக்காதவர்கள் தலையை மட்டும் இருட்டுக்குள் நீட்டி, உடம்பை வெயிலில் காயவிட்டார்கள். மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், காப்பி சுற்றியது, சீட்டு போட்டார்கள். சத்துர்னினோ கழுதையிடம் கடன் கேட்ட கதை, சத்துர்னினோ கனவில் பிஷப்புக்கு மீசை வரைந்த கதை, எல்லாம் பொய், எல்லாவற்றுக்கும் சிரித்தார்கள். நிலா நகரவில்லை. வெளியே வெயில் மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது, நர்ஸ் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாள், நிலா வேப்பமர உயரத்திலேயே நின்றது.

"விடியாத ராத்திரி கணக்குல சேராது," என்றார் நாவிதர் மெல்ல. ஊருக்குப் பெரிய காரியம் ஒன்றுக்கு உபயோகப்பட உட்கார்ந்தேன், அதிலும் ஓடாத கடிகாரமாகிப்போனேன்.

அப்போது யாரோ ஒருவர், ஆற்றங்கரையில் கிடைத்ததென்று, ஒரு தொப்பியைக் கொண்டுவந்து பெட்டியின் மேல் வைத்தார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்தேன். பச்சை நாடா.

"மதினி," என்றேன். சீட்டுச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். "மதினி, இவரை எனக்குத் தெரியும்."

"பொய் சொல்லும், அண்ணாச்சி," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இது பொய் சொல்லுத எடந்தான்."

"பொய் எனக்கு வராது. தினமும் காலையில் கழுதையில் வருவார். முனைக்கு அந்தப் பக்கமே இறங்கிவிடுவார். நீங்கள் நிமிர்ந்தால் சுவரோரம் ஒதுங்குவார், குனிந்தால் வருவார். தார்ப்பாய்க் கம்பு சாய்ந்திருந்தால் நேராக்கி, அடியில் கல்லை முட்டுக்கொடுப்பார். மழை நாளில் தார்ப்பாயில் தேங்கின தண்ணீரைக் குச்சியால் தள்ளிவிடுவார், உங்கள் மேல் ஒரு சொட்டு விழாமல். கழுதையிலிருந்து ஒரு கட்டு இறக்கி, உங்கள் முதுகுக்குப் பின்னால் வைப்பார், தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துகிறமாதிரி. அப்புறம் கொஞ்ச நேரம் நிற்பார், தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு. நீங்கள் நிமிரும்போது போயிருப்பார்."

"என்ன கெட்டு?" என்றாள்.

நான் பெட்டிமேல் இருந்த தொப்பியை நேராக்கி வைத்தேன்.

"அண்ணாச்சி. என்ன கெட்டு?"

"விறகு."

சீட்டு நின்றது. காப்பி நின்றது. எல்லாத் தலையும், இருட்டுக்குள் இருந்ததும் வெளியிலிருந்து நீண்டிருந்ததும், நிக்கானோரைப் பார்த்தன. அவர் கையிலிருந்த மெழுகுவர்த்தியின் உருகலை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"நான் வச்சேம்னு எப்பவாது சொன்னனாட்டி?" என்றார் கடைசியில். "நீயாச் சொன்ன. நான் மறுத்துப் பேசல. ஒன்ன மறுத்துப் பேசி நான் எப்பச் செயிச்சிருக்கேன்?"

யாரோ மூக்கால் சிரித்தார்கள். பிறகு ஒருவர், பிறகு எல்லோரும். பொய்க் கதைகளுக்குச் சிரித்ததெல்லாம் இதற்கு ஒத்திகை. ஒப்துலியா எழுந்து, அந்தத் தொப்பியாலேயே புருஷனை நாலு சாத்து சாத்தி, சாத்தும்போதே சிரித்து, சிரிக்கும்போதே உடைந்து, தொப்பியை முகத்தோடு அழுத்திக்கொண்டு, "ஏ அண்ணே, ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கக் கூடாதா, நான் நிமிந்திருப்பம்லா" என்று அழுத அழுகையில் சேர்ந்து அழாதவர் யாருமில்லை. நர்ஸும் துணியை மூக்கிலிருந்து எடுத்துக் கண்ணுக்குக் கொடுத்தாள். நான் மட்டும் மேலே பார்த்தேன், தொழில் பழக்கம், எங்காவது ஏதாவது அசைகிறதா என்று பார்க்கிற கண். நிலா அசைந்தது. வேப்பமரத்தைக் கடந்து, ஏறி, வெளுத்தது. நட்சத்திரங்கள் வரிசையாகப் போயின. பாளையங்கோட்டை நாய் வாயை மூடியது. ஒரு சிறு குளிர்காற்று வந்தது. பால்காரன் மணி கேட்டதுபோல இருந்தது. விளிம்பில் முதலில் சாம்பல், பிறகு செம்பு, பிறகு என் வாழ்நாளில் திரையைவிட்டு நிமிர்ந்து நான் பார்த்த முதல் விடியல், ஒரு மாட்டுவண்டி அகலத்துக்கு. வெளியே இருந்த மாலை வெயிலோடு அது கலந்தபோது எது எதென்று பிரிக்க முடியவில்லை. ஊரின் சேவல்கள் எல்லாம் சேர்ந்து கூவின. அந்த ஒருமுறை அவை ஏமாறவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே சத்துர்னினோவைப் புதைத்தோம்.

மறுநாள் வெயிலில் நடந்தேன், மற்றவர்களைப்போலவே நிழலோடு. கோழிகள் என்னைச் சட்டை செய்யவில்லை. காதலர்கள் என்னைக் கண்டதும் விலகி உட்கார்ந்தார்கள். ஒரு தாய் அழுகிற பிள்ளையோடு ஓடிவந்து, என்னை மேலும் கீழும் பார்த்து, இருட்டில் தெரியாமலிருந்த என் வழுக்கையையும் தொப்பையையும் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். காப்பிக் களத்துக்காரர் ஒருவர்தான் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

நான் பஸ் ஏறுகிற அன்று ஒப்துலியா ஒரு கம்பில் எரிகிற கந்தையைச் சுற்றி, கேமராக் கம்பத்தின் அடியில் புகை போட்டு, குளவிக்கூட்டைத் தட்டி விழுத்தினாள். "குளவிய வெரட்டுன கை வெறகு தூக்கட்டும்," என்றாள். நிக்கானோர் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, சாகப்போகிறவரைப்போலத் தலையாட்டினார்.

இப்போது பாத்திரக்கடை மாடியில் பழையபடி உட்கார்ந்திருக்கிறேன். இரண்டரை மணி வருகிறது, போகிறது. அது போகும் என்று தெரிந்த பிறகு அதன்மேல் எனக்குப் பெரிய பயமில்லை. வீட்டில் பட்டுக்கனி கையாட்டினால் திரும்பிப் பார்க்கிறேன். அவள் பெரும்பாலும் என்னை வழிவிடச் சொல்லித்தான் ஆட்டுகிறாள். திரையில் அந்த முனை அப்படியே இருக்கிறது, சத்தமில்லாமல். ஒப்துலியா குனிந்து ரொட்டி தட்டுகிறாள். பச்சை நாடாத் தொப்பியை, அவர் தலைக்குப் பெரியதை, போட்டுக்கொண்டு நிக்கானோர் முதுகு வளைந்து ஒரு கட்டு விறகோடு தெருவைக் கடக்கிறார், அவள் நிமிர்வதற்குள் பின்னால் வைக்கப் பார்க்கிறார், ஆனால் மூச்சு இரைக்கிற சத்தத்தில் அவள் திரும்பிவிடுகிறாள் என்று நினைக்கிறேன், ஏதோ சொல்கிறாள், அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறார்.

நிமிர்ந்தவர் கேமராவைப் பார்த்தார். குளவிக்கூடு இருந்த இடத்தில் இப்போது வெறும் கம்பம்தான். கையைத் தூக்கி, ஆட்டினார்.

நான் திரையைப் பார்த்துக் கையை ஆட்டினேன். பக்கத்து இருக்கையில் வேறொரு நாட்டின் வேறொரு கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்த மரிய செல்வி திரும்பி, "என்ன அண்ணாச்சி, கொசுவா?" என்றாள்.

"ஆமா," என்றேன். "கொசுதான்."